ஆராவுடன் வரும் மைக்ரேன்: பார்வை கலங்கும் அந்த அரைமணி நேரத்தில் நடப்பது என்ன?

ஆசிரியை ஒருவர் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளின் மூலையில் 48 என்று மதிப்பெண் போடுகிறார். போட்ட எண்ணைத் திரும்பப் பார்த்தால் 8 மட்டும்தான் தெரிகிறது. 4 இருந்த இடம் கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. அப்படி ஓர் இடமே இல்லாதது போல இருக்கிறது. கண்ணைக் கசக்குகிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், முகம் கழுவுகிறார். சில நிமிடங்களில் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் ரம்பப் பற்கள் போல வளைந்த ஒரு கோடு மினுங்கத் தொடங்குகிறது. அது மெல்லப் பெரிதாகி, பக்கவாட்டில் நகர்ந்து, இருபது நிமிடத்தில் பார்வையின் ஓரத்தோடு மறைந்துபோகிறது. அதன்பின் தலை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்குகிறது.

தலைவலி அவருக்குப் பழகியதாக இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய இருபது நிமிடங்கள் யாருக்கும் எளிதில் பழகுவதில்லை. கண் போய்விட்டதா, பக்கவாதமா, மூளையில் கட்டியா என்று மனம் ஓடுகிறது. எல்லாம் தணிந்த பிறகும் "அடுத்தது எப்போது?" என்ற கேள்வி நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த நிலைக்கு ஆராவுடன் கூடிய மைக்ரேன் என்று பெயர். இதில் பயத்தின் பெரும்பகுதி, நடப்பது என்னவென்று யாரும் விளக்கிச் சொல்லாததால் வருவது. ஆராவுக்கு ஒரு வேகம் உண்டு, ஒரு பாதை உண்டு, ஒரு முடிவும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பயத்தைக் கையாள ஒரு பிடி கிடைக்கிறது.

சொற்களில் தொடங்குவோம்

மைக்ரேனைத் தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். கிரேக்க மூலச் சொல்லுக்கும் 'பாதித் தலை' என்றுதான் பொருள். பெயர் அப்படி இருந்தாலும் பலருக்கு வலி இரு பக்கமும் வரும். வாந்தி வருவதால் வீடுகளில் இதைப் 'பித்தம்' என்பார்கள். நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வலிப்பதால் 'சைனஸ்' என்று ஆண்டுக்கணக்கில் அதற்கான மருந்தைச் சாப்பிடுபவர்களும் உண்டு. உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. கர்நாடகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே வயதுவந்தோரில் நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக் காலத்தில் மைக்ரேன் வந்திருப்பதாகக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

ஒரு முழு மைக்ரேன் நான்கு கட்டங்களாக வரலாம். எல்லோருக்கும் நான்கும் வருவதில்லை.

1. முன்கட்டம்: வலிக்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் முன்பு வரை. ஓயாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மீது திடீர் ஆசை.
2. ஆரா: பார்வை, தொடு உணர்வு, பேச்சு ஆகியவற்றில் வந்துபோகும் தற்காலிகக் கோளாறு.
3. வலி: சிகிச்சை இல்லாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை. வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, குமட்டும், மாடிப்படி ஏறினால்கூட வலி கூடும்.
4. பின்கட்டம்: பிழிந்து போட்ட துணி போன்ற ஒரு நாள் சோர்வு.

மைக்ரேன் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஆரா வருகிறது. 'ஆரா' என்ற சொல்லின் மூலப்பொருள் மெல்லிய காற்று வீச்சு. தமிழில் சிலர் இதை 'ஒளிவட்டம்' என்று பெயர்க்கிறார்கள். கோயில் சிலையின் தலைக்குப் பின்னால் இருப்பதை நினைவூட்டும் அந்தச் சொல் இங்கே பொருந்தாது. அதனால் இக்கட்டுரையில் 'ஆரா' என்றே வைத்துக்கொள்வோம்.

ஆரா வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் அது பார்வையில் வருகிறது. அடுத்தது மரத்துப்போதல்: விரல் நுனியில் குறுகுறுப்பாகத் தொடங்கி, கையில் ஏறி, முழங்கையைத் தாண்டி, அதே பக்கத்து உதடு, நாக்கு வரை போகும். மூன்றாவது பேச்சு: சொல்ல நினைத்தது நாவில் வராது, வேறு சொல் வந்து விழும். சிலருக்கு இந்த மூன்றும் இதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வலியே வராமல் ஆராவோடு முடிந்துவிடுவதும் உண்டு.

மூளையில் நகரும் அலை

இந்த விளக்கத்துக்கு வழிகாட்டியவர்கள் சிலர் தாங்களே ஆராவால் அவதிப்பட்டவர்கள்.

ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தன் கண்ணில் தெரிந்த மினுங்கும் வளைவைக் கட்டம் கட்டமாக வரைந்து 1870-இல் வெளியிட்டார். மேலிருந்து பார்த்தால் கொத்தளங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை மதில் எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது அது. இன்றும் மருத்துவ நூல்கள் இந்த வகை ஆராவைக் கோட்டையோடு ஒப்பிட்டே பெயர் சொல்கின்றன. 1941-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி ஒரு படி மேலே போனார். தனக்கு ஆரா வரும்போதெல்லாம் வெற்றிடத்தின் எல்லையைக் காகிதத்தில் குறித்து, நேரத்தையும் எழுதி, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டில் வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லியாவோ, முயலின் மூளைப்புறணியில் ஒரு விந்தையைக் கண்டார். ஓரிடத்தைத் தூண்டினால் மின்செயல்பாடு அடங்கிப்போகிறது. அந்த அடக்கம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவுகிறது. லாஷ்லியின் கணக்கும் லியாவோவின் அலையும் ஒரே வேகத்தில் இருப்பதை 1958-இல் பீட்டர் மில்னர் சுட்டிக்காட்டினார். மனித மூளையில் இதைப் படமாகக் காண 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடற்பயிற்சி செய்தால் தனக்கு ஆரா வரும் என்று அறிந்திருந்த ஒருவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படமெடுத்தபோது, பார்வைப் பகுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் வேகத்தில் மாற்றம் ஊர்ந்து செல்வது தெரிந்தது.

காய்ந்த புல்வெளியில் தீப்பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னேறும் விளிம்பில் தழல், அதன் பின்னால் கருகிய தரை. அலையின் முன்விளிம்பில் நரம்பணுக்கள் ஒரேயடியாகக் கிளர்ந்தெழுகின்றன; அதுதான் மினுங்கும் கோடு. கிளர்ந்தவை உடனே ஓய்ந்துபோகின்றன. அதுதான் 4 காணாமல் போன வெற்றிடம். இந்த நெருப்பு எதையும் எரித்துவிடுவதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. ஓய்ந்த அணுக்கள் சற்று நேரத்தில் உப்புச் சமநிலையை மீட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புகின்றன.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கோடு முதலில் நகராததுபோல் நின்று, ஓரத்துக்குப் போகப்போக விரைந்து விரிவதைப் பலர் "கூடிக்கொண்டே போகிறதே" என்று எண்ணி அஞ்சுகிறார்கள். உண்மையில் அலையின் வேகம் மாறுவதில்லை. நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நடுப்பார்வைக்கு மூளை மிகப் பெரிய பரப்பை ஒதுக்கியிருக்கிறது. ஓரப்பார்வைக்குச் சிறிய பரப்புதான். நடுவைக் கடக்க அலைக்கு நேரம் பிடிக்கிறது, ஓரத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறது. கோடு விரிகிறது, விரைகிறது என்றால் பெரும்பாலும் அது முடியப்போகிறது என்றே கொள்ளலாம்.

அலை போன பிறகு வலி ஏன்? முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கு வெளியாகி, உறையின் ரத்தக்குழாய்கள் விரிந்து வலி எழுகிறது. இந்தப் பாதையைக் கண்டறிந்த நால்வருக்கு 2021-இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. அலை எழும்போது வெளியாகும் பொருள்கள் மூளைத் தண்டுவட நீரில் கலந்து இந்த நரம்பின் முடிச்சை எட்டுகின்றன என்று 2024-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. கோடு மறைந்து வலி தொடங்கும் வரை கிடைக்கும் இடைவெளிக்கு இது ஒரு விளக்கமாகலாம்.

பக்கவாதத்திலிருந்து வேறுபடுத்துவது எப்படி?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. விடை பெரும்பாலும் கடிகாரத்தில் இருக்கிறது.

1. தொடக்கம். ஆரா ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பரவும். பக்கவாதமும், ரத்த ஓட்டம் தற்காலிகமாகத் தடைபடும் குறும்பக்கவாதமும் நொடிகளில், உச்ச நிலையிலேயே வரும்.
2. தன்மை. ஆரா எதையாவது கூட்டிக் காட்டும்: மினுக்கம், கோடு, குறுகுறுப்பு. பக்கவாதம் இருப்பதை எடுத்துவிடும்: பார்வை இல்லை, உணர்ச்சி இல்லை, பலம் இல்லை.
3. வரிசை. ஆராவில் பார்வை தெளியும்போது கை மரக்கத் தொடங்கும், கை தெளியும்போது பேச்சு தடுமாறும். பக்கவாதத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.
4. நீளம். ஒவ்வோர் ஆரா அறிகுறியும் 5 முதல் 60 நிமிடத்துக்குள் முடியும்.

இவை மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள்தாம். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி வருபவர் இவற்றை வைத்துத் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. முதல் ஆராவை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே ஆரா என்று உறுதியானவர்களும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், இலங்கையில் என்றால் 1990.

1. அறிகுறி திடீரென்று, நொடிகளில் வந்தது.
2. ஒரு கையோ காலோ தொங்கிவிட்டது, வாய் கோணியது.
3. ஒரு மணி நேரம் கடந்தும் தெளியவில்லை.
4. வழக்கமான ஆராவைப் போல இல்லை.
5. இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலி.
6. காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு தப்புதல், வலிப்பு.
7. கர்ப்ப காலம், அல்லது பிரசவமான சில வாரங்களுக்குள். பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவது நம் நாட்டில் அரிதல்ல. 'பச்சை உடம்புத் தலைவலி' என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.
8. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வருவது.

ஒரு சிறு சோதனையும் உண்டு. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. ஆரா மூளையில் எழுவதால் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரே கண்ணில் மட்டும் திரை விழுந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, அது விழித்திரை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பயம் எப்படி வளர்கிறது?

பார்வையில் ஓட்டை விழுந்தால் உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் தலை சுற்றும், வாயைச் சுற்றியும் விரல்களிலும் குறுகுறுக்கும், பார்வை மங்கும். இங்கேதான் சிக்கல். ஆராவின் குறுகுறுப்பும் பதற்றத்தின் குறுகுறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. "கையும் மரக்கிறதே, இது ஆரா இல்லை, வேறு ஏதோ" என்று பயம் இரட்டிக்கிறது, மூச்சு மேலும் வேகமாகிறது.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. ஆராவின் மரமரப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தில், ஒரு பாதையில் மெல்ல ஏறும். பதற்ற மூச்சின் மரமரப்பு பெரும்பாலும் இரு கைகளிலும் வாயைச் சுற்றியும் வரும், மூச்சு அடங்கினால் சில நிமிடத்தில் போய்விடும். மூன்றாவதாக ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரேனைத் தடுக்கத் தரப்படும் டோபிராமேட் மாத்திரைக்கு விரல் குறுகுறுப்பு மிகப் பரவலான பக்கவிளைவு. மருந்து எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டால் எத்தனையோ இரவுத் தூக்கங்கள் மிச்சமாகும்.

ஆரா முடிந்த பிறகான பயம் வேறு வகை. அது காவல்காரன்போல் எந்நேரமும் கண்ணைக் கண்காணிக்கிறது. தென்னந்தோப்பைக் கடக்கும் பஸ்ஸில் வெயிலும் நிழலும் மாறி மாறி அடித்தால், வெல்டிங் பொறியைக் கவனக்குறைவாகப் பார்த்துவிட்டால், கண்ணுக்குள் மிதக்கும் தூசி நகர்ந்தால், வயிறு கலங்குகிறது. பிறகு பஸ்ஸில் சன்னலோர இருக்கையை விடுகிறார், அப்புறம் பஸ்ஸையே விடுகிறார், அப்புறம் தனியாக வெளியே போவதையே விடுகிறார். ஒவ்வொரு தவிர்ப்பும் அன்றைக்கு நிம்மதி தருகிறது. மறுநாள் பயத்துக்குத் தீனி போடுகிறது.

இது மனத்திடம் இல்லாததால் வருவது அல்ல. மைக்ரேன் உள்ளவர்களிடம் பதற்றக் கோளாறு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இரண்டுக்கும் மூளையில் செரோட்டோனின் போன்ற பொதுவான வேதிப்பாதைகள் உண்டு. எப்போது வரும் என்று தெரியாத நோய்க்கு எதிர்வினையாகவும் பதற்றம் வளர்கிறது. பதற்றமும் தூக்கக்கேடும் கூடினால் மைக்ரேன் அடிக்கடி வருகிறது. ஆகவே பயத்துக்கு மருத்துவம் பார்ப்பது மைக்ரேனுக்கு மருத்துவம் பார்ப்பதன் ஒரு பாதி.

அந்த அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியவை

கீழே உள்ளவை மருத்துவர் ஆரா என்று உறுதிசெய்தவர்களுக்கு.

1. மணி பாருங்கள். 11.10 என்று கையிலோ தாளிலோ எழுதுங்கள். பயத்தில் ஐந்து நிமிடம் அரைமணியாகத் தோன்றும். எழுதிய நேரம் பொய் சொல்லாது.
2. ஆபத்தானதை நிறுத்துங்கள். வண்டியை ஓரங்கட்டுங்கள், அடுப்பை அணையுங்கள், படியில் இருந்தால் உட்காருங்கள். வெற்றிடம் இருக்கும் பக்கத்திலிருந்து லாரி வந்தாலும் தெரியாது. பார்வை முழுதாகத் திரும்பும்வரை இருசக்கர வாகனத்தைத் தொட வேண்டாம்.
3. கண்ணாடி முன் சிரித்துப் பாருங்கள், இரு கைகளையும் தூக்குங்கள், பழகிய ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை. வாய் கோணாமல், கை தாழாமல் இருந்தால் இந்தச் சோதனை முடிந்தது. இதையே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செய்வது பயத்தின் வேலை.
4. வரையுங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டே கோடு எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. ஏரியும் லாஷ்லியும் செய்தது இதைத்தான். கோடு நகர்ந்திருப்பது தாளில் தெரியும். அது வழக்கமான பாதையில் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நம் ஆசிரியையிடம் சிவப்பு மைப் பேனா கையிலேயே இருக்கிறது.
5. மூச்சை வெளியே நீட்டுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஆழமாக இழுக்கத் தேவையில்லை. மெதுவாக விடுவதுதான் முக்கியம்.
6. செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். பாதி தெரியாத திரையில் அறிகுறிகளைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் மிக மோசமான விடைகள்தாம்.
7. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே வரியில் சொல்லுங்கள்: "எனக்கு ஆரா வந்திருக்கிறது, அரைமணியில் சரியாகும்." பேச்சே தடுமாறுபவர்கள் இதை ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணில் தெரிவது ஆராவா, வெறும் வெளிச்சத் தடமா என்று சந்தேகம் வந்தால் அதற்கும் கடிகாரமே போதும். வெளிச்சத் தடம் விநாடிகளில் மங்கும். ஆரா நிமிடங்களில் வளரும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, மங்கிவிட்டது என்று உறுதிசெய்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் காவல்காரன் கொஞ்சம் தளர்வான்.

இடைப்பட்ட நாட்களில்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், முந்தைய இரவுத் தூக்கம், விட்ட வேளைச் சாப்பாடு, மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை. இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சாயல் தெரியும்.

தூண்டும் காரணிகளில் பலருக்குப் பொதுவானவை தூக்கம் கூடுவது அல்லது குறைவது, பட்டினி, கடும் வெயில், ஊதுபத்தி அல்லது பெயிண்ட் நெடி, மாதவிடாய்க்கு முந்தைய ஈஸ்ட்ரோஜன் வீழ்ச்சி, நெருக்கடி முடிந்து ஓய்வெடுக்கும் முதல் நாள். தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வதை நெடுங்காலம் மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. மும்பைத் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் அதைக் கவனித்து 2006-இல் சர்வதேச ஆய்விதழில் பதிவுசெய்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டியல் நீண்டுகொண்டே போனால் வாழ்க்கை சுருங்கிவிடும். காரணி என்று நாம் நினைப்பது சில சமயம் முன்கட்டத்தின் அறிகுறியாகவே இருக்கும்: சாக்லேட் தின்றதால் மைக்ரேன் வந்ததா, மைக்ரேன் தொடங்கிவிட்டதால் சாக்லேட் கேட்டதா என்பது எளிதில் தீராத கேள்வி. அதனால் ஒரு முறை நடந்ததை வைத்து எதையும் விலக்க வேண்டாம். தூக்கம், சாப்பாடு, தண்ணீர் மூன்றையும் வேளை தவறாமல் வைப்பதே இருபது பொருள்களை ஒதுக்குவதைவிடப் பலன் தரும்.

தவிர்ப்பு முற்றிவிட்டவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. "இது என் மூளையை அழிக்கிறது" என்ற எண்ணத்தை எடுத்து, சான்று என்ன என்று கேட்டு, விட்டுப்போன செயல்களுக்குப் படிப்படியாகத் திரும்பவைப்பதே அதன் முறை: முதல் வாரம் துணையோடு இரண்டு நிறுத்தம் பஸ் பயணம், அடுத்த வாரம் துணை பின் இருக்கையில், பிறகு தனியாக. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு வழிகாட்டுவார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926.

மருந்துகளைப் பற்றி

ஓடத் தொடங்கிய ஆராவை நடுவில் நிறுத்தும் நம்பகமான மாத்திரை இன்றுவரை இல்லை. வலிக்கு உண்டு. பாராசிட்டமால், நாப்ராக்சென் போன்றவை, கூடவே குமட்டலுக்கு ஒரு மருந்து. போதாவிட்டால் சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான்கள். டிரிப்டானை ஆராவின்போது போட்டால் வலியைத் தடுப்பதில்லை. வலி தொடங்கியவுடன் போட வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. எர்கோடமைன் என்ற பழைய மைக்ரேன் மருந்து கலந்த மாத்திரைகளோடு ஒரே நாளில் சேர்க்கவும் கூடாது.

மாத்திரை எண்ணிக்கையைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிரிப்டான், எர்கோடமைன், கூட்டு வலிமாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ, சாதாரண வலிமாத்திரைகளை 15 நாளோ தாண்டி மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மருந்தே தினசரித் தலைவலியை உண்டாக்கும். "வந்துவிடுமோ" என்று முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பயந்த மாத்திரைகள்தாம் பலரை இந்தக் கண்ணியில் தள்ளுகின்றன.

அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து உண்டு: புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளூனாரிசின், டோபிராமேட். எதைத் தேர்வது என்பதில் மனநிலைக்கும் பங்கு உண்டு. புரோப்ரனலால் படபடப்பையும் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. புளூனாரிசினும் டோபிராமேட்டும் சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டும். வெண்லாபாக்சின் பதற்றத்துக்கும் மைக்ரேனுக்கும் சேர்ந்து பயன்படுகிறது. கருத்தரிக்கக்கூடிய பெண்கள் எடுத்தால் வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் டோபிராமேட்டும் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம். ஆகவே பயத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை தற்காலிக அமைதியைத் தந்து, சில வாரங்களில் தானே ஒரு பழக்கமாகிவிடும். சிஜிஆர்பி-யைக் குறிவைக்கும் ஊசிகளில் முதலாவதற்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது; பலன் நன்று, விலைதான் எட்டாத உயரம்.

பக்கவாத அபாயம் எவ்வளவு?

ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் 'இரண்டு மடங்கு' என்று படித்துவிட்டு நடுங்குபவர்கள் பலர். எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். 2017-இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று இளம்வயதுப் பெண்களுக்குக் கணக்கிட்டது இது: மைக்ரேனும் இல்லை, ஹார்மோன் கருத்தடையும் இல்லை என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 2.5 பேருக்கு அடைப்புப் பக்கவாதம் வருகிறது. ஆரா இருந்தால் சுமார் 5.9. அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஆறு பேர். மற்றவர்களுக்கு அந்த ஆண்டில் வருவதில்லை.

அதே கணக்கில் ஆராவோடு ஹார்மோன் கருத்தடையும் சேர்ந்தால் அது சுமார் 36.9 ஆகிறது. இதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய எண், மாற்றக்கூடிய எண்ணும் இதுவே. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை ஆரா உள்ளவர்கள் எந்த வயதிலும் எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மாலா மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. மாதவிடாயைச் சீராக்கவும், நீர்க்கட்டிக்கும், பண்டிகைக்காக விலக்கைத் தள்ளிப்போடவும் என்று எந்தக் காரணத்துக்கு ஹார்மோன் மாத்திரை தரப்பட்டாலும் "எனக்கு ஆரா உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிகளுக்கு இந்தத் தடை இல்லை. இதோடு புகையிலையை விடுவதும், ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்ப்பதும் சேர்ந்தால், கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தியாயிற்று.

உடன் இருப்பவர்களுக்கு

பள்ளி ஓய்வறையில் அந்த ஆசிரியைக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்றால், "இப்போது எப்படி இருக்கிறது, இப்போது?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அவர் மணியைக் குறித்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் குறியுங்கள். குழல்விளக்கை அணையுங்கள், தண்ணீர் கொடுங்கள், அடுத்த வகுப்புக்கு வேறு ஆள் பாருங்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஸ்கூட்டர் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 11.10-க்குத் தொடங்கியது 12.10 ஆகியும் நிற்கவில்லை என்றாலோ, அதற்கு முன்பே கையோ வாயோ இழுத்துக்கொண்டது என்றாலோ, அவர் வேண்டாம் என்று சொன்னாலும் 108-ஐ அழையுங்கள்.